மாதா பூவும் பன்னிரண்டு அலவாங்கும்

‘விழிப்புணர்வு’ என்ற சொல்லை ஒரு வாரத்துக்காவது யாரும் என் முன்னால் சொல்லாமல் இருந்தால் நல்லது. ஐந்து வருடங்களாக அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் அலைந்து களைத்துவிட்டேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை, முப்பதைக்கூடத் தொடவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போகிறேன், அவ்வளவுதான். என் மேசைக்கு நீங்கள் மூன்று பேர் வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஒருத்தி பார்த்த வேலைக்கு மூன்று பேர். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எந்த அந்நியச் செடி எங்கே பரவியிருக்கிறது, எது எந்த மாதம் பூக்கும், எதை எப்படி அழிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நீங்களே படித்துக்கொள்ளலாம். கையேட்டில் இல்லாததை எழுதுகிறேன், அதுவும் ஒரே ஒரு ஓடையைப் பற்றி. இந்தத் தொழிலில் செய்யக்கூடிய பிழைகளில் பாதியை நான் அந்த ஓடைக்கரையிலேயே செய்து முடித்தேன்.

ரிவர்ஸ்டனைத் தாண்டி லக்கல பக்கம் இறங்கும் சரிவில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம். நான் பிறந்தது அங்கேதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை செய்த கெடுதலையும் ஒளிக்கப் போவதில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் பெயர் லயம். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில், சிலை வைத்த சின்னக் குகை போல, ஒரு மாதா கெபி இருக்கிறது. அதைக் கட்ட வைத்தவர் அருளாயி அக்கா. கொழுந்து எடுக்கும் பெண்களில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்த்த அவருடைய மகனைப் போர்க்காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே பல வாரம் தெரியவில்லை. அக்கா மாதாவுக்குக் கெபி கட்டுவதாக நேர்ந்துகொண்டார். லயத்து ஆட்கள் சேர்ந்து லொறியில் மகாவலி ஆற்று மணல் இறக்கினார்கள். கெபி எழும்பிய அதே மாதம் மகன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மிஞ்சிய மணல் கெபிக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. முதல் மழையில் அந்தக் குவியலில் செடிகள் முளைத்தன. தொட்டால் இலை மூடிக்கொண்டது. சில மாதத்தில் இளஞ்சிவப்பில் பஞ்சுப் பந்து போலப் பூத்தது. யாரும் நடவில்லை, தானாக வந்தது, அதுவும் மகன் திரும்பிய நேரத்தில் வந்தது. ‘மாதா பூ’ என்று பெயர் வைத்தார்கள். அருளாயி அக்கா காலையில் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது ஒரு கொத்துப் பறித்து மாதாவின் காலடியில் வைப்பார். வெயில் காலத்தில் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்.

அது ராட்சதத் தொட்டாச்சிணுங்கி. சிங்களத்தில் யோத நிதிகும்பா. ஆற்று மணலோடு ஊர் ஊராகப் போகிறது. ஆள் உயரத்துக்கு முட்புதராக எழும்பி, கரையை அடைத்து, வேறொன்றையும் வளர விடாது. காய்ந்த காய் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் மிதக்கும். நான் இந்த வேலையில் சேர்ந்து இரண்டாம் வருடம் லீவில் வீட்டுக்குப் போனபோது, அது கெபியிலிருந்து மழைத்தண்ணீர் ஓடும் கானில் இறங்கி, கானிலிருந்து ஓடைக்கு வந்து, இரு கரையிலும் வரிசையாக நின்றது. அந்த ஓடை நேராக லக்கல வயல்களுக்குப் போகிறது.

அடுத்த வாரமே லக்கலையிலிருந்து ரன்பண்டா என்ற விவசாயி என்னைத் தேடி மாத்தளைக்கு வந்தார். அங்கே பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாது. மனிதர் பாதி வழி நடந்தே வந்திருந்தார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் வாடிய நாற்று ஒன்று.

“இது என் வரப்பில் இருந்தது மிஸ். என் தங்கச்சி மகாவலிப் பக்கம் இருக்கிறாள். அவளுடைய காணியை இதுதான் தின்றது. எனக்கு இருக்கிறது ரெண்டு ஏக்கர் வயல்” என்றார் சிங்களத்தில்.

“ஒன்றுதானே கண்டீர்கள்?”

“ஒன்றுதான். யானையும் முதலில் ஒன்றுதான் வரும். ஆனால் யானை திரும்பிப் போகும் மிஸ்.”

அவருக்கு நான் வாக்குக் கொடுத்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால், காய் முற்றி ஓடையில் விழுவதற்குள், மேலே இருப்பதை எடுத்துவிடுவோம் என்றேன். சித்திரை மாதம் சொன்ன வாக்கு. ஆறு மாதம் தாராளம் என்று நினைத்தேன்.

முதலில் சுவரொட்டி. அலுவலகம் அச்சடித்தது, தமிழ் வாசகம் என்னுடையது. என் எழுத்து அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. வழவழப்பான தாள். மேலே முக்கால்வாசி இடத்துக்கு அந்தப் பூவின் வண்ணப்படம், கீழே என்னுடைய பதினாறு வரிகள். ஒரு கட்டை அம்மாவிடம் கொடுத்து லயத்தில் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. “எம்மக எழுதுனது” என்று சொல்லிச் சொல்லி வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்துப் போனால் ஒவ்வொரு காம்பிரா வீட்டிலும் மாதா படத்துக்குப் பக்கத்தில் என் சுவரொட்டி ஒட்டியிருக்கிறது. சில வீடுகளில் இடம் போதாமல் கீழே இருந்த எழுத்தைக் கத்தரித்துவிட்டுப் பூவை மட்டும் ஒட்டியிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண், “அந்தப் பூக்கண்டு ஒன்னு கெடைக்குமா?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

“என்னம்மா இது?”

“படம் அம்புட்டு அழகா இருக்கு புள்ள. கிழிச்சிப் போட மனசு வருமா?”

ஒழிக்க வேண்டியதன் அழகான படத்தை நல்ல தாளில் அச்சடித்து இலவசமாகக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சுவரொட்டி அது.

அப்புறம் கூட்டம். கெபிக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒரு மணித்தியாலம் பேசினேன். பேசி முடிந்ததும் அருளாயி அக்கா எழுந்தார்.

“சரி புள்ள. பூவா கெடுதல் செய்யுது?”

“பூ இல்லக்கா. காய். காய்தான் தண்ணியில போவுது.”

“அப்ப காய நாங்க புடுங்கிப் போட்டுர்றோம். பூ மாதாவுக்கு, காய் ஒனக்கு. சரிதானே?”

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று வந்தது. இவ்வளவு படித்துவிட்டு வந்து சொல்கிறேன், என்னிடம் பேரம் பேசுகிறார்களே என்றிருந்தது. கையேட்டில் வேரோடு அகற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறது.

“அதெல்லாம் சரிவராதுக்கா. வேரோட எடுக்கணும். இது வெளையாட்டு இல்ல.”

“நாங்களும் வெளையாடல” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் போனதும் மற்றப் பெண்களும் போய்விட்டார்கள்.

மக்கள் தாங்களாக ஒரு வழி சொல்வது இந்த வேலையில் எப்போதாவதுதான் நடக்கும். அது அரைகுறை வழியாக இருக்கலாம், ஆனாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் அதைத் தட்டிவிட்டு நேராகத் தோட்டத்துத் துரையிடம் போனேன். அவர் இரண்டு நாளைக்குக் கவ்வாத்து ஆட்களைத் தந்தார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவதற்குப் பெயர்தான் கவ்வாத்து. அப்படி வெட்டினால்தான் புதுக்கொழுந்து தளதளவென்று வரும். அந்த ஆட்களுக்குத் தலைவர் சூசை கங்காணி. அந்த இரண்டு நாளும் எனக்கு மாத்தளையில் கூட்டம். எதைப் பற்றிய கூட்டம் என்று சொல்லத் தேவையில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கங்காணியின் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து நேராக ஓடைக்கரைக்குப் போனேன். கரை நெடுக ஒவ்வொரு செடியும் இடுப்பளவில், ஒரே மட்டத்தில், சாய்வாக, பிசிறில்லாமல் வெட்டப்பட்டிருந்தது. காய்ந்த குச்சிகளைக்கூடக் களைந்து சுத்தம் செய்திருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான கவ்வாத்தைப் பார்த்ததில்லை.

“பாரு புள்ள, ஒரு வெட்டு பிசகல. முள்ளு கைய கிழிச்சிருச்சி, ஆனாலும் வுடலயே” என்றார் கங்காணி.

“மாமா, வேரோட புடுங்கணும்னு எழுதிக் குடுத்தேனே.”

“ஆமா, எழுதிக் குடுத்த.” சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். நான் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. “பத்தரமா வச்சிருக்கேன்.”

“யார்கிட்டயாவது குடுத்து வாசிச்சிருக்கலாமே.”

“எதுக்கு? செடிய அடக்கத்தான அனுப்புன. முப்பது வருசமா செடிய அடக்குற எனக்குக் கடதாசி எதுக்கு?”

“அடக்கல மாமா. இது இன்னும் நல்லா தழைக்கும்.”

“தழைக்கும்தான். கவ்வாத்து வெட்டுன செடி தழைக்காமப் போனா எனக்கில்ல அவமானம்?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஆட்களின் கைகள் செடியைக் காப்பாற்றப் பழகிய கைகள். என் அப்பாவும் கவ்வாத்து வெட்டியவர்தான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்திருந்தும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனேன். ஒரே ஒரு செடியை நானே முன்னால் நின்று பிடுங்கிக் காட்டியிருந்தால் போதும். ஒரு நாள் வேலை அது.

கெபியைச் சுற்றி இருந்ததை மட்டும் அவர்கள் தொடவேயில்லை. அருளாயி அக்காவிடம் அவ்வளவு பயம்.

செடி சொன்னபடியே தழைத்தது. ஒன்றிருந்த இடத்தில் ஆறு கிளை. ஆவணியில் பூ, புரட்டாசியில் கொத்துக் கொத்தாகக் காய். ரன்பண்டா ஒருமுறை மேலே வந்து பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஐப்பசி பிறந்து காற்று மாறியது. காய்கள் பழுப்பேறத் தொடங்கிவிட்டன. பழைய தேயிலையைக் கெல்லி எடுக்கும் கூட்டம் ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. செடியை வேரோடு சாய்க்கத் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், வேரை நெம்ப அலவாங்கு மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள் என்றார்கள். சனிக்கிழமை காலை மாத்தளையிலிருந்து நஸீர் நானாவின் வேனில் பன்னிரண்டு அலவாங்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

சமாதானம் என்று சொன்ன காலம் முடிந்து, சோதனைச்சாவடிகள் எல்லாம் திரும்பி வந்திருந்த வருடம் அது. ரத்தோட்டையைத் தாண்டியதும் வேனை மறித்தார்கள். ஒரு தமிழ்ப் பெண், ஆளுயர இரும்புக் கம்பிகள் பன்னிரண்டு, மடியில் ஒரு வரைபடம். வரைபடத்தில் ஓடை நெடுகச் சிவப்புப் புள்ளிகள். மலை உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரமும் அதில் இருந்தது.

“தங்கச்சி, இந்தச் சிவப்பெல்லாம் என்ன?” என்று கேட்டார் அங்கே பொறுப்பாக இருந்தவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

“செடி.”

“கோபுரத்துக்குக் கீழே இருப்பது?”

“அதுவும் செடி.”

“பூச்செடி பிடுங்கவா பன்னிரண்டு அலவாங்கு?”

இங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். பதிலாக அவருக்கு அந்நியத் தாவரங்களால் வரும் ஆபத்தை விளக்கத் தொடங்கினேன். மணல் எப்படி வருகிறது, விதை எப்படி மிதக்கிறது, பொறுப்பான ஒரு குடிமகன் என்ன செய்ய வேண்டும், எல்லாம் விளக்கினேன். அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது. நஸீர் நானா பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

“தங்கச்சி, பாடம் நடத்துற எடமா இது? அவரு கேக்குறது கடிதம். கடிதம் இருக்கா இல்லியா?”

கடிதம் இல்லை. அலுவலகத்துக் கடிதம் ஒன்று, சிங்களத்தில், முத்திரையோடு, என் பையில் இருந்திருக்க வேண்டும். வாங்க மறந்தேன். அன்று சனிக்கிழமை, அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை. மூன்று மணித்தியாலம் ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். பிறகு என்னையும் வேனையும் விட்டார்கள். அலவாங்குகளையும் வரைபடத்தையும் திங்கட்கிழமை கடிதத்தோடு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ரிவர்ஸ்டனில் மூடுபனி ரோட்டுக்கே இறங்கியிருந்தது. நஸீர் நானா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்குப் பின்னேரம் தாண்டாது. ஊத்தப் போவுது” என்றார்.

திங்கட்கிழமை வரை ஓடை காத்திருக்காது. அலவாங்கு இல்லாமல் அந்த வேரை அசைக்க முடியாது. வேனில் உட்கார்ந்து யோசித்ததில் கையேட்டிலிருந்து எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அருளாயி அக்கா அன்றைக்குக் கூட்டத்தில் சொன்னதுதான் இருந்தது.

அவர் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, காய புடுங்கணும். நாளைக்கே.”

நிமிர்ந்து பார்க்கவில்லை. “வேரோட எடுக்கணும்ன. வெளையாட்டு இல்லன்ன.”

“சொன்னேன்.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. பொம்பளைங்களுக்கு அந்த ஒரு நாளுதான். துணி தொவைக்கணும், தல முழுவணும்.”

“தெரியும்கா.”

“துரை சொன்னாரா வரச்சொல்லி?”

“இல்ல. நான்தான் கேக்குறேன். கீழ ஒரு மனுசனோட வயலு போயிரும்கா. நான் அவருக்கு வாக்குக் குடுத்துட்டேன்.”

அவர் அடுத்த காலையும் கழுவி முடித்தார்.

“கெபிச் செடிய தொட மாட்டேன்னு சொல்லு.”

கையேட்டின்படி விதை தாங்கும் ஒரு தாய்ச்செடியைக்கூட விடக் கூடாது. “தொட மாட்டேன்” என்றேன். இது எந்தக் கோப்பிலும் இல்லை. இப்போது உங்களுக்குத் தெரியும்.

காலையில் செபம் முடிந்ததும் முப்பதுக்கு மேல் பெண்கள் கூடையோடு ஓடைக்கு இறங்கினார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, விரல்களில் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிய உறை. காய்ந்த காய் தொட்டதும் உடைந்து உதிரும் என்று நான் எச்சரித்ததும், ஒவ்வொரு செடிக்குக் கீழேயும் உரச்சாக்கை விரிக்கச் சொன்னார் அக்கா. எனக்கு அது தோன்றவில்லை.

வேலை தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். சூசை கங்காணி வெட்டிய மட்டம் கொழுந்து எடுக்கும் மட்டம். ஆளுயர முட்புதராக விட்டிருந்தால் ஒருத்திகூடக் கிட்டே போயிருக்க முடியாது. இப்போது தேயிலை நிரையில் நிற்பது போல நின்று, இரண்டு கையாலும் பறித்துப் பின்னால் கூடைக்குள் எறிந்துகொண்டே போனார்கள். கங்காணி அக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சொல்லு புள்ள, வெட்டு எப்பிடி?” என்று கத்தினார்.

“வாய மூடிக்கிட்டு சாக்க புடிங்க மாமா” என்றாள் ஒருத்தி. அவர் வந்து சாக்கைப் பிடித்தார்.

எனக்கும் ஒரு கூடை கொடுத்தார்கள். சின்ன வயதில் அம்மா என்னைக் கூடையைத் தொட விட்டதில்லை. தொட்டால் கை பழகிவிடும், கை பழகினால் பள்ளிக்கூடம் போய்விடும் என்பார். அதனால் அன்று அந்தக் கரையில் எனக்கு மட்டும்தான் கொழுந்து எடுக்கத் தெரியாது.

“ஒத்தக் கையால என்னா தடவுற? ரெண்டு கையும் போவணும்” என்றார் அருளாயி அக்கா.

“படிச்ச கை அக்கா, மெதுவாத்தான் போவும்” என்று பக்கத்து நிரையில் ஒரு சிரிப்பு.

அம்மா என் நிரையிலும் கைவைத்துப் பறித்துக்கொண்டே வந்தார். மத்தியானம் ரொட்டியும் சம்பலும் நின்றபடியே சாப்பிட்டோம். காயின் சுணை பட்டு எல்லோருக்கும் கழுத்தும் கையும் தடித்திருந்தன. பின்னேரம் கடைசிச் சாக்கைக் கட்டும்போது முதல் துளி விழுந்தது. சாக்குகளைத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பொறுப்பாக இருந்தவர் தலையிலடித்துக்கொண்டே கொழுந்து உலர்த்தும் அடுப்பைத் திறந்துவிட்டார்.

மூன்று நாள் விடாமல் கொட்டியது. மழை வெறித்த பிறகு கடிதத்தைக் காட்டி அலவாங்குகளை மீட்டேன். ஈர மண்ணில் வேர் இலேசாக வந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கூட்டம் ஓடைக்கரையையும் கானையும் கெல்லி முடித்தது. முதல் செடியை நான் பிடுங்கிக் காட்டினேன். ரன்பண்டாவின் வயலுக்கு அந்த வருடம் நான்கு தடவை போனேன். வரப்பில் ஒன்பது நாற்று கிடைத்தது. ஒன்பதையும் அவரே பிடுங்கினார், என்னைத் தொட விடவில்லை. அவருடைய வயல் இன்றைக்கும் வயலாக இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் விழுந்த விதை பல வருடம் உயிரோடு கிடக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் நீங்கள் அங்கே நடந்தாக வேண்டும். பஸ்ஸை நம்பாதீர்கள்.

கெபிச் செடி இன்னும் நிற்கிறது. அருளாயி அக்கா பூவை மாதாவுக்கு வைக்கிறார். காயைப் பச்சையிலேயே கிள்ளி ஒரு பால்மா டின்னில் போட்டு, மாதக் கடைசியில் யாராவது மாத்தளைக்கு வரும்போது எனக்குக் கொடுத்தனுப்புகிறார். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறவில்லை. இனி அந்த டின் உங்கள் மேசைக்கு வரும். திறந்து பார்த்து எரித்துவிட்டு, டின்னைக் கழுவித் திருப்பி அனுப்புங்கள். உள்ளே துண்டுப்பிரசுரம் எதையும் வைக்காதீர்கள்.

வருடத்துக்கு ஒருமுறை நேரில் போய், “அக்கா, செடிய எடுத்துரலாமா?” என்று கேட்க வேண்டும். நான் மூன்று தடவை கேட்டேன். முதல் இரண்டு தடவை முடியாது என்றார். போன மாதம் விடைபெறப் போனபோது மூன்றாம் தடவை கேட்டேன்.

“எம்மவன் கொழும்புக்கே திரும்பிப் போறேங்கிறான்” என்றார். “அவன் போய்ச் சேந்து கடதாசி போடட்டும். அப்புறம் ஒங்க ஆளுகள அனுப்பு, பாப்போம்.”

கடிதம் இன்னும் வரவில்லை. வரும் வரை யாரும் அலவாங்கோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.